மீமிசலுக்கு இரண்டு வண்டி

பங்குனி உத்திரம், இரவு

அன்பு மகள் செவந்திக்கு, உன் ஆத்தா பிச்சையம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை இருளாயி எழுதும் கடிதம். இதை நீ யாரிடமும் காட்டாதே தாயி. மாப்பிள்ளை மரியசெல்வத்திடம் மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிடு. இங்கே கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது, யாருக்கும் உடம்பு நோவு இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வாய்விட்டுக் கேட்க முடியாது, மனதுக்குள்தான்.

உன் அப்பாவும் உன் மாமா வீரய்யாவும் பக்கத்து ஊருக்கு உத்திர நாடகம் பார்க்கப் போயிருக்கிறார்கள். விடிந்துதான் வருவார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதச் சொல்கிறேன். இருளாயிக்கு அந்தத் தைரியமும் இல்லை. விளக்கைச் சின்னதாக்கி நெல் குதிருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, நாய் குரைத்தால் பேப்பரைப் பாவாடைக்குள் மறைக்கிறாள். எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அவளைக் குறை சொல்லாதே. எட்டாம் வகுப்புப் படிக்கிறவள், நான் கொச்சையாகச் சொல்வதையும் புத்தகத்தில் உள்ளதுபோல ஆக்கிவிடுகிறாள். நாளைக்கு இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சொர்ணவல்லி டீச்சரிடம் கொடுப்பாள், அவர் தபாலில் சேர்ப்பார். நீ எழுதும் கடிதங்களையும் தன் பேருக்கு வரவழைத்து இவளிடம் கொடுக்கிற புண்ணியவதி அவர்தான். அவர் பேரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்று.

உன் பேரை உன் அப்பா வாயால் சொல்லி மூன்று வருடமாகிறது. நீ வேலைக்குப் போன இடத்தில் உன்னோடு வாத்தியாராக இருந்த, மாதா கோயிலுக்குப் போகிற மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாய் என்று சேதி வந்த அன்று, "வேதக்காரப் பையனக் கட்டிக்கிட்டவ இந்த வீட்டுல இல்ல, அவ பேரும் இல்ல" என்று சொன்னாரே, அதோடு சரி. கோபித்துக் கத்தினாலும் பதில் சொல்லலாம், பேசாமல் இருக்கிறவரிடம் என்ன சொல்வது. இப்போது உங்கள் இரண்டு பேருக்கும் மீமிசல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது, பிள்ளை தவழ்கிறது என்று நீ தை மாதம் எழுதினாய். அந்தக் கடிதத்தை இருளாயி எனக்கு ஏழெட்டுத் தரம் வாசித்திருப்பாள். பிள்ளைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று மட்டும் நீ எழுதவில்லை. எந்தப் பேராக இருந்தாலும் எழுது தாயி, நான் கூப்பிட்டுப் பழக வேண்டும்.

இனி முக்கியமான சேதி. சித்திராப் பௌர்ணமிக்கு நம் வீட்டிலிருந்து இரண்டு வண்டி கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறோம். நம் கூண்டு வண்டி ஒன்று, மாமாவின் மொட்டை வண்டியில் பாய் வளைத்துக் கட்டி இன்னொன்று, ஆள் பதினோரு பேர். அறுப்பு முடிந்து மாடுகள் சும்மா நிற்கின்றன, இருளாயிக்கும் மாமா பிள்ளைகளுக்கும் கோடை லீவு. பஸ்ஸில் போனால் எனக்குக் குடலைப் புரட்டும், சட்டி பானையும் ஏற்ற முடியாது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முந்தி இருட்டியதும் புறப்பட்டு, நிலவிலேயே ஓட்டி, பகலில் திருமயத்திலும் அறந்தாங்கியிலும் மாட்டை அவிழ்த்துப் போட்டுத் தூங்கி, மூன்றாம் நாள் விடிய மீமிசல் கரையில் இருப்போம். இரண்டு ராத்திரி அங்கேயே வண்டிக்கடியில் படுக்கை, சமையல் எல்லாம்.

மீமிசல் என்று முடிவாவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன் கேள். மாமாவுக்கு நாகப்பட்டினம்தான் போக வேண்டும். பினாங்குக்குக் கப்பல் ஏறப் போனபோது அங்கே செம்படவப் பிள்ளைகள் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு அலைமேல் ஏறி வந்ததைப் பார்த்தாராம், அது முதல் அவருக்கும் அந்த ஆசை. "அலை ஆளு ஒசரம் வரும் மச்சான். பலகைய நெஞ்சுக்கடியில குடுத்துப் படுத்தாப் போதும், அதுவே கரைக்குக் கொண்டாந்து விட்டுரும்" என்று உன் அப்பாவிடம் கையை வீசிக் காட்டுகிறார். உன் அத்தை சும்மா இருப்பாளா. "கரையில விடுமா, திரும்பவும் பினாங்குல கொண்டுபோயி விட்டுருமா? போன தடவ ஆறு மாசத்துல வாரேன்னு போயி நாலு வருசமாச்சே" என்றாள். மாமா அசரவில்லை. வயிறு இந்தப் பெரிசு இருக்கிறதே, பலகை தாங்குமா என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "வயிறு இருந்தாத்தான்டா மெதக்கும்" என்றார்.

நான் மீமிசல் என்று வாய் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது, பெரிய அலை வேண்டாம் என்றேன். "நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்றார் மாமா. கடைசியில் வேறு வழி தெரியாமல், எனக்கு அலையைப் பார்த்தால் தலை சுற்றும் என்று சொல்லிவிட்டேன். "நீ எப்பக்கா அலையப் பாத்த? நம்ம கம்மாயத் தாண்டி நீ எந்தத் தண்ணியப் பாத்துருக்க?" என்று உன் மாமா கேட்க எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாகப்பட்டினம் என்று ஆகிவிட்டால் உன்னை இன்னும் எத்தனை வருடம் கழித்துப் பார்ப்பேனோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை கயிறு திரித்துக்கொண்டிருந்த உன் அப்பா தலை நிமிராமல், "மீமிசலுக்கே போவோம். மாட்டுக்கு அதுதான் கிட்டக்க" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சாமிதான் அவர் வாயில் வந்து சொன்னது என்று நான் அடுப்படிக்குள் போய்க் கும்பிட்டேன்.

மாமா அதற்கப்புறமும் விடவில்லை. கல்யாண முருங்கை மரத்தில் ஒரு பலகை அறுத்து, கண்ணாடிச் சில்லால் இழைத்து, நெஞ்சுக்கு நேராக அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார். மீமிசல் கடலில் அலையே கிடையாது, அரைப் பர்லாங்கு நடந்தாலும் முட்டி அளவுதான் தண்ணீர் என்று நீ எழுதியிருந்தாய். அதை நான் எப்படி அவரிடம் சொல்வேன், எனக்கு யார் சொன்னது என்று கேட்பார். நிசமாகவே கொஞ்சம்கூட அலை வராதா? பௌர்ணமிக்காவது வருமா என்று விசாரித்து எழுது. பாவம், அவ்வளவு ஆசையாக இழைக்கிறார். இன்னொன்று, கடற்கரையில் மாட்டுக்கு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? நாலு மாடும் உப்புத் தண்ணீரில் வாய் வைத்துவிடுமோ என்று எனக்குக் கவலை. இதையெல்லாம் டீச்சர் பேருக்கு ஒரு கார்டில் எழுதிப் போடு, புரிகிற மாதிரி எழுதினால் போதும், பேர் போடாதே.

உனக்கென்று ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் ஒன்று. உன் அரையில் கிடந்ததுதான், அழித்துப் புதிதாகச் செய்தேன். அதை உப்புப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன், வண்டியில் யாரும் அதைத் துழாவ மாட்டார்கள். ஆனால் உன் அத்தைக்குக் கண் எங்கும் போகும். "கடலுக்குப் போறோம், அங்கிட்டு இல்லாத உப்பா? பானை உப்பு எதுக்குங்க மதினி?" என்று கேட்டுவிட்டாள். அந்த உப்பு எனக்கு ஒத்துக்காது என்று சொல்லிவைத்தேன். நான் சொல்கிற பொய்யெல்லாம் இப்படித்தான் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியதை நன்றாகக் கேட்டுக்கொள். பௌர்ணமி அன்று காலையில் ஆண்களெல்லாம் முதலில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார்கள். உன் அப்பா சுற்றிக் கும்பிட்டு வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். பெண்கள் நாங்கள் வண்டியருகே சமைத்துக்கொண்டிருப்போம். நம் மயிலைக் காளைகளை உனக்குத் தெரியும், அதை அடையாளம் வைத்துக்கொள். அப்பாவின் தலை கோயில் பக்கம் மறைந்த பிறகு வா. முக்காட்டை முகத்தை மறைத்துப் போட்டுக்கொள், யாரும் கேட்டால் தேங்காய் விற்க வந்தவள் என்று சொல். பிள்ளையை என் மடியில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, அவர் திரும்புவதற்குள் போய்விட வேண்டும். பெற்ற மகளை இப்படி வரச் சொல்கிறோமே என்று எனக்கே வாய் கூசுகிறது. ஆனால் கூட்டத்தில் உன்னைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் உன்னாலும் தாங்க முடியாது, என்னாலும் முடியாது. அழாதே. அழுதால் பிள்ளையும் அழும், நேரம் போய்விடும்.

பிள்ளைக்கு உச்சந்தலையில் எண்ணெய் வைக்காமல் கடல் காற்றில் தூக்கிக்கொண்டு திரியாதே. வெயிலில் உனக்குச் சூடு பிடிக்கும், நீராகாரம் குடி. மாப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. நீ எழுதியதிலிருந்து நல்ல பிள்ளை என்றே தெரிகிறது, அவருக்கும் என் ஆசீர்வாதம் உண்டு என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நெல்லும் நீருமாக நிறைந்து இருக்க வேண்டும். பௌர்ணமியை மறந்துவிடாதே, சித்திரை இருபது. இத்துடன் உன் ஆத்தா பிச்சையம்மாள் கைநாட்டு.

அக்கா, இனிமேல் எழுதுவது நான், இருளாயி. ஆத்தா விளக்குக் கரியைத் தொட்டுக் கைநாட்டு வைத்துவிட்டு, மடித்து வைக்கச் சொல்லிப் படுத்தாள், உடனே தூங்கிவிட்டாள். நான் மடிக்கவில்லை. இதற்குக் கீழே உள்ளதை நீ ஆத்தாவிடமும் சொல்லக்கூடாது.

உன் தை மாதக் கடிதத்தை என் பூகோளப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருந்தேன். மாசி மாதம் ஒரு நாள் எடுத்தபோது மடிப்புக்குள் மூக்குப்பொடி கிடந்தது. நம் வீட்டில் பொடி போடுவது அப்பா மட்டும்தான். அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை, இன்று அடி விழும் நாளை அடி விழும் என்று காத்திருந்தேன். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. கடிதத்தை எடுத்த இடத்திலேயே வைத்திருந்தார். அதற்குப் பிறகு நாலைந்து நாள் கழித்து, "மாடு சும்மாதான நிக்குது, இந்தக் கோடைக்குப் பிள்ளைகள எங்கிட்டாச்சும் கூட்டிக்கிட்டுப் போவமா" என்று முதலில் கேட்டது அப்பாதான். ஆத்தா தான்தான் கடல் யோசனையைச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஆசாரி பட்டறையில் வண்டி வேலை நடந்தது, நான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அச்சு, கடையாணி எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கூண்டு வளைவில் உள்பக்கமாக ஓர் இரும்பு வளையம் மாட்டச் சொன்னார். ஆசாரி சிரித்துக்கொண்டே, "தொட்டில் வளையமால்ல கேக்குறீங்க. யாரு வீட்டுப் பிள்ளைக்குங்க?" என்றார். அப்பா வளையத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "மாட்டி ஆட்டிப் பாருய்யா, கிறீச்சுன்னு சத்தம் வருதான்னு. தூங்குற பிள்ள முழிச்சுக்கிரும்" என்றார். நான் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். கஞ்சியை வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அக்கா, வண்டியில் போகிற பதினோரு பேரில் தொட்டிலில் போடுகிற பிள்ளை யாருக்கும் இல்லை. மாமாவின் கடைக்குட்டிக்கே ஆறு வயது.

இதை ஆத்தாவிடம் சொன்னால் சந்தோஷத்தில் நேரே அப்பாவிடம் போய்க் கேட்டுவிடுவாள். அப்பா எப்படி என்று உனக்குத் தெரியும். கேட்டால் இல்லை என்பார், சொன்ன பிறகு அந்த இல்லையை மாற்ற மாட்டார். வளையத்தையும் கழற்றிவிடுவார். அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஆனால் ஆத்தா சொன்னதுபோல நீ முக்காடு போட்டு ஒளிந்து வந்து, அவர் வருவதற்குள் ஓடிவிட்டால், தன்னைப் பார்க்க உனக்குப் பிரியமில்லை என்று நினைத்துக்கொள்வார். வெறும் வளையத்தோடு வண்டி திரும்பி வரும். பிறகு அவர் யாரையும் எங்கேயும் கூட்டிப்போக மாட்டார்.

நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம் அக்கா. அந்த வளையம் வேறு எதற்காவது இருந்து, நான் சொன்னதை நம்பி நீ வந்து நின்று, அப்பா உன்னைக் கூட்டத்தில் ஏதாவது சொல்லிவிட்டால் அது என் பாவம். இரண்டு நாளாக இதை யோசித்து எனக்குத் தூக்கம் இல்லை, கணக்குப் பரீட்சையையும் ஒழுங்காக எழுதவில்லை. ஆனாலும் என் காதால் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன். தூங்குகிற பிள்ளை என்று சொன்னபோது அவர் குரல் கோபக் குரலாக இல்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அப்பா கோயிலுக்குப் போகிற வரைக்கும் காத்திருக்காதே. விடியும்போதே வந்துவிடு, அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. முகத்தை மூடாதே. அவர் வண்டியை விட்டு இறங்குகிற இடத்திலேயே நில். நீ ஒன்றும் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், அவரிடம் எதையும் கேட்காதே, பிள்ளையை மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். விடிய இன்னும் நேரம் இருக்கிறதே. அப்பா குரல்தான், ஆத்தா எழுந்துவிட்டாள். அக்கா, பிள்ளையை நீ வைத்துக்கொள்ளாதே, அவர் கையில்