சைரன் அம்மா

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று ஒரே ரோதனை. ஒரு பெரியவர் வந்து, போன மாதம் வாங்கிய கண்ணாடியை மேஜைமேல் போட்டு, "இதுல ஒண்ணுமே தெரியல" என்று குதித்தார். வாங்கிப் பார்த்தால் அவர் மனைவியின் கண்ணாடி. மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். சொன்னதும் என்மேலேயே கோபம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை. அண்ணன் வீட்டில் அண்ணியின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார். "சைரன் கதையச் சொல்லு. நீ சொன்னாத்தான் எடுபடும்." சொன்னேன். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது, அம்மா அலறி அடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், தெருவே கூடி நின்றது, லிப்ட்டில் நுழையாத ஸ்ட்ரெச்சரில் மூன்று மாடி இறக்கினார்கள், ஆஸ்பத்திரி வாசலில் அப்பா ஒரே ஒரு ஏப்பம் விட்டு எழுந்து உட்கார்ந்தார். எல்லாம் நடித்தே காட்டினேன். அண்ணியின் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அம்மாவுக்குச் சைரன் என்று பெயர் வைத்தது நான்தான். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சைரன், டீ இருக்கா?" "சைரன், என் சட்டை எங்க?" அவர் லிப்ட் மெக்கானிக். முப்பது வருடம் லிப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று ஒரே வசனம்: "பதறாதீங்க. கதவை இழுக்காதீங்க. அப்படியே இருங்க." வீட்டிலும் அதுதான் சட்டம். பதறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம்.

அம்மாவும் சிரித்தாள். பிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழன்

அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க. பேச்சு இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீல நிற நாற்காலிகள். மூன்றாவது நாற்காலிக்குக் கால் ஆடுகிறது. அதில்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மாறி உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

நடந்தது இது. நேற்றுக் காலை பத்து மணி வாக்கில் அப்பா டீ குடிக்கும்போது டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. ஏதோ சொன்னார், குழறியது. அம்மா அவரைப் படுக்க வைத்தாள். டீயைத் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இரண்டரை மணிக்கு மேல்வீட்டு டீச்சர் ஏதோ கேட்க வந்தவர், அப்பாவைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று பத்து.

டாக்டர் சின்ன வயசு. முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா அடைப்பக் கரைக்க ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். முன்னாடி வர வர நல்லது. இப்போ நேரம் தாண்டிருச்சு."

அண்ணன் அம்மா பக்கம் திரும்பினான். "அஞ்சு மணி நேரம்மா! பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தியா? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, "இல்ல" என்றாள்.

எனக்கும் ஆத்திரம்தான். ஏப்பத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடத் தெரிந்தவளுக்கு இதற்குக் கூப்பிடத் தெரியவில்லையா?

மார்ச் 9, ஞாயிறு

அத்தை வந்தார். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் எல்லார் முன்னாலும் அம்மாவிடம், "என் தம்பி உன்னை நம்பித்தானே இருந்தான். அவனைக் கட்டையாக்கிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?" என்றார். வார்டு பாய், நர்ஸ், மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு நழுவினேன். பாட்டில் நிறையத்தான் இருந்தது.

மார்ச் 12, புதன்

எழுதிவிடுகிறேன். இங்கேகூடப் பொய் சொன்னால் பிறகு எங்கே போய்ச் சொல்வது?

அம்மா போன் பண்ணினாள்.

வியாழக்கிழமை. பத்து மணி ஏழு நிமிஷம். முப்பத்தெட்டு விநாடி. நான் பவர் பார்க்கும் அறையில் இருந்தேன். நாற்காலியில் ஒரு பெண், அவள் மூக்கில் சோதனை பிரேம். போனை எடுத்ததும் அம்மா, "அப்பா வாய் ஒரு மாதிரி இருக்குடி. பேச்சு குழறுது. வண்டியக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

நான் என்ன சொன்னேன்? அப்படியே எழுதுகிறேன். "என்ன சைரன் அம்மா, ஆரம்பிச்சுட்டியா? அவரே அடுத்த வாரம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. படுக்கச் சொல்லு. சாயங்காலம் நான் வந்து பாக்கறேன்."

சிரித்துக்கொண்டே சொன்னேன். நாற்காலியில் இருந்த பெண்ணும் சிரித்தாள்.

அம்மா, "அவரும் வேணாம்னுதான் கைய ஆட்டறாரு. சரி" என்று வைத்துவிட்டாள். பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. ஏன் கூப்பிடுவாள்?

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கழிவறையில் நின்று என் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்தேன். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கை தானாகச் செய்தது. இல்லை, தானாக இல்லை. நான்தான் செய்தேன். ஏழாம் தேதி எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். "எனக்கும் ஆத்திரம்தான்." சீ.

மார்ச் 16, ஞாயிறு

அப்பாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அண்ணன் முடிவு செய்துவிட்டான். "அப்பாவ என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆள் வச்சுப் பாத்துக்கறேன். அப்பா மட்டும். அம்மா உன்கூட அந்த வீட்லயே இருக்கட்டும். மறுபடி ஏதாவது ஆச்சுன்னா, இவங்கள நம்பி விட முடியுமா?"

இவங்கள. அம்மாவை அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அம்மா சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. வீட்டுக்கு வந்து, தைக்க வாங்கி வைத்திருந்த திரைச்சீலைத் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அப்பா சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் பொத்தானை வெட்டி எடுத்துவிட்டு வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்துத் தைக்கிறாள். "ஒரு கையால பொத்தான் போட வராது. அங்க யாருக்குத் தோணும் இதெல்லாம்?" என்றாள்.

முப்பத்தாறு வருடம் ஒன்றாக இருந்தவர்கள்.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். அட்டைகளைக் காட்டி நாற்காலி, தண்ணீர், வீடு என்று சொல்லச் சொன்னாள். அப்பா முக்கினார், வியர்த்தது, ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் எங்களிடம், "தினம் பழகின வார்த்தை சில சமயம் முதல்ல வரும். வீட்ல சார் அடிக்கடி சொல்ற வார்த்தை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

"அப்படி ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அண்ணன், அண்ணி, அத்தை எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் வண்டி எத்தனை மணிக்கு வரும், சக்கர நாற்காலி எங்கே வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தான். அம்மா பையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே, எந்த மாத்திரை எப்போது என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாத்திரைக்கு வந்தபோது குரல் உடைந்துபோய் நிறுத்தினாள்.

"அம்மா எனக்கு போன் பண்ணினா" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மணி, நிமிஷம், விநாடி, நான் சொன்னது, சிரித்தது, அழித்தது, எல்லாம். நடிப்பெல்லாம் இல்லை. இத்தனை பேர் நடுவில் நான் ஒரு கதை சொல்லி யாரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை.

அம்மா முதலில் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "இப்ப எதுக்குடி இது? நான்தான் ஒருத்தி வாங்கிக் கட்டிக்கிட்டேன்ல? உனக்கும் எதுக்கு?"

அத்தை, "அடப்பாவி" என்றார். என்னையா, எல்லாரையுமா தெரியவில்லை. அண்ணன் அம்மாவிடம், "நீயே கூப்பிட்டிருக்க வேண்டியதுதானேம்மா" என்றான். முன்பு மாதிரிக் கத்தவில்லை.

"கூப்பிட்டிருக்கணும்தான். நான் இல்லன்னு சொல்லல" என்றாள் அம்மா. "போனக் கையில எடுப்பேன், வச்சுருவேன். ஒண்ணுமில்லாம போச்சுன்னா இன்னும் ஆறு வருஷம் சிரிப்பீங்களேன்னு இருந்துச்சு. மானத்தப் பாத்தேன். மனுஷனப் பாக்கல."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று டாக்டருக்கே தெரியவில்லை. வலது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது தானாக வருவதுதான் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 24, திங்கள்

அப்பா எங்கள் வீட்டுக்கே வந்தார். அண்ணன்தான் கொண்டுவந்து விட்டான். லிப்ட்டில் சக்கர நாற்காலி இடித்து, கதவு மூட மாட்டேன் என்றது. அப்பா இடது கையை நீட்டிக் கதவின் ஒரு இடத்தைத் தட்டினார். மூடிக்கொண்டது.

அண்ணன் என்னிடம் பேசவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அப்பா சட்டையைத் தானே போட்டுக்கொண்டார். இருபது நிமிஷம். அண்ணன் அம்மாவுக்குத்தான் போன் செய்கிறான், நான் எடுத்தால், "அம்மாகிட்ட குடு" என்கிறான்.

மே 14, புதன்

காலை பத்தரை. கடையில் கூட்டம். போனில் அம்மா. எதிரில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன்.

"அப்பாவுக்கு ரொம்ப நேரமா தலை நிக்கல, சாயுது. வண்டியக் கூப்பிட்டுட்டேன். வந்துட்டு இருக்கு" என்றாள்.

"கூப்பிட்டுட்டியா?"

"ஆமா. தகவலுக்குச் சொல்றேன். உன்கிட்ட கேக்கல."

நான் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவில் எல்லாம் முடிந்திருந்தது. உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை, ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு அனுப்பிவிடலாம் என்றார்கள். அம்மா காலில் வேறு வேறு செருப்பு. நான் அதைப் பார்த்தேன். அண்ணனும் வந்துவிட்டான். அவனும் பார்த்தான். ஆறு வருடத்துக்கு ஓடக்கூடிய கதை. இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்பா இடது கையால் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தார். வாயைக் கோணினார். "சை..." என்றார். மூச்சு வாங்கியது. மறுபடி. "சை... ரன்."

இரண்டு மாதத்தில் வந்த முதல் வார்த்தை. அவர் கிண்டலாகச் சொன்னாரா, கூப்பிட்டாரா, நன்றி சொன்னாரா, யாருக்குத் தெரியும்?

அம்மா குனிந்து அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

"ம். இங்கதான் இருக்கேன்" என்றாள்.