அண்ணன் சொல்லாத பதில்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நலம், புரை எடுத்த பிறகு என் வலது கண் கொஞ்சம் கூடுதலாகவே நலம், சுவரில் இருக்கும் அழுக்கெல்லாம் இப்போதுதான் தெரிகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஆபரேஷன் நல்லபடி முடிந்ததைப் போனில் சொன்னேன், ஆஸ்பத்திரியில் நடந்த இன்னொன்றைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ வந்திருந்தபோது அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கும் அம்மாவிடம் பேசி, அண்ணனுக்கு ஒரு வேலைக்கு வழி செய்துவிட்டுப் போனாய். அவன் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான் என்று மறுவாரம் உன்னிடம் சொன்னேன். அது பொய், சிட்டு. அவன் தினமும் சட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு “எப்பப்பா போறோம்?” என்று கேட்டான். வேலை இல்லையென்று ஆகிவிட்டது என்று அவனிடமும் பொய் சொன்னேன். நீ அவன்மேல் வருத்தப்பட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டாய், அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். புத்தி மெதுவாக வந்த பிள்ளை, நாலு பேர் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. உன் அம்மா போன பிறகு பகல் முழுக்க இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயம்.

கண்ணில் கட்டோடு வார்டில் படுத்திருந்தேன், சலவை வண்டி வந்தது. உன் அண்ணனுக்குத்தான் துணியைக் கண்டால் தடவாமல் இருக்க முடியாதே. விரிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவி ஒன்றைத் தனியாக எடுத்து “இது கிழியப்போவுது” என்றான். படுத்த இடத்திலிருந்தே “கையை எடுடா” என்று அதட்டினேன். வண்டியோடு வந்த அந்த மேற்பார்வை அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நடுவில் நூல் நைந்து சல்லடையாக இருந்ததாம். “நாங்க கண்ணால பாத்தே விட்டுட்டோம், இவர் கையாலயே கண்டுபிடிச்சிட்டாரே” என்று பெயரைக் கேட்டார், கேட்டதும் நினைவு வந்துவிட்டது. “உங்க தங்கச்சி வந்து பேசினாங்களே, நீங்கதான வரமாட்டேன்னு சொன்னீங்க?” என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “நான் சொல்லலையே. வேலை இல்லேன்னு அப்பாதான் சொன்னாரு” என்றான். எனக்கு மற்ற கண்ணையும் கட்டிவிட்டால் தேவலை போல் இருந்தது. அவன் சண்டை போடவில்லை. மூன்று நாள் மணி தவறாமல் சொட்டு மருந்து விட்டான். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் அடுத்தவர் துணியைத் தொட்டான் என்று அந்தக் கையில் எத்தனை அடி அடித்திருக்கிறேன், நீ குறுக்கே விழுந்து வாங்கியதும் உண்டு.

இப்போது ஐந்து வாரமாக அந்த அம்மாவிடமே வேலைக்குப் போகிறான், நைந்த துணியைப் பிரிப்பது அவன் பொறுப்பு. முதல் வாரம் மெஷின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டான், அவர்கள் அவன் மேஜையைக் கடைசி அறைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் விஷயம். முப்பத்தெட்டு வருடத்தில் எனக்கு இப்படி ஒன்று தோன்றவில்லை. புதிதாக வந்த இரண்டு பெண்களுக்கு அவன்தான் கையைப் பிடித்துச் சொல்லித் தருகிறானாம். நேற்று சாப்பிடும்போது “தங்கச்சிக்குத் தெரியுமாப்பா, நான் வரமாட்டேன்னு சொல்லலேன்னு?” என்று கேட்டான். எழுதுகிறேன் என்றேன். “நீங்க எழுதுங்க. ஆனா நானே சொல்றேன்” என்றான்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய், எடுத்ததும் அண்ணனைக் கேள். அவன் வார்த்தை தேடும்போது நீயாக எடுத்துக் கொடுத்துவிடாதே, இத்தனை வருடம் அதைத்தான் நான் செய்தேன். அந்த நேரம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வருகிறேன். நீயும் அண்ணனும் நிறைந்த ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்கவும் கூசும்,
உன் அப்பா