வெந்தயத் தண்ணீர் டம்ளர்

ஏனுங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. வாக்கிங் முடிந்து வந்ததும் சர்க்கரை மாத்திரையை மறக்காதீங்க.

தினமும் மில்லுக்குக் கிளம்பும்போது உங்களுக்கு வெந்தயத் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். சாயங்காலம் வந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். திருந்திட்டீங்க என்று சந்தோஷப்பட்டேன். நேற்றோ, "அந்தக் கசப்ப நான் வாயிலயே வெச்சதில்ல. நீ குடிச்சுட்டுப் போறேன்னு நெனச்சேன்" என்று சொன்னீங்க. பொய் என்று கத்திவிட்டேன். ஆனால் நானும் குடிப்பதில்லைங்க. இந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தானே?

இன்றும் ஊற்றி வைத்திருக்கிறேன். அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்க.

வெண்ணிலா

மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இப்போதுதான் இறங்கினேன். இட்லி வேண்டாம். சீட்டை வெளிக்கேட்டில் ஒட்டுகிறேன், உள்ளே வராதீங்க. எதிர்வீட்டு ஷாஹீன் அக்காவிடம் இருக்கிறேன்.

டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இன்னும் ஈரம் காயலீங்க.