கோபால் இன்னும் இருக்கிறான்

இன்று காலை நம் தெருவில் ஒரு ஜாவா வண்டி போயிற்று. இப்போதெல்லாம் அந்த மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதே அரிது. டபடபவென்று சத்தம், பின்னாலேயே எண்ணெய்ப் புகை வாசனை. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன். உன் ஞாபகம்தான் வந்தது. நல்ல ஞாபகம் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தோம். நான் மூத்தவள், நீ இளையவள். நீ கண்ணை மூடிய பிறகு உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதாகவே பேசுகிறார்கள். பேசட்டும். நான் எனக்குத் தெரிந்த எழுத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் மகனுடைய மகள் கவிதா காலேஜ் முடித்துவிட்டு நம் சேவூரிலிருந்து ஆரணிக்குக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் நீ சேவூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் அடுப்படிக்கு வந்தாய். காலைக்கூடக் கழுவவில்லை.

“அக்கா, நம்ம கவிதாவும் அவ பிரெண்டும் எனக்கு முன் சீட்டுல ஒக்காந்துகினு வந்தாங்க. வழி முழுக்க கோபாலு, கோபாலுன்னே பேசிகினு வராளுங்க. யாருக்கா அது? கண்டக்டரா இருக்குமோ?”

“கண்டக்டரு பேரு கோபாலா?”

“எனக்கு இன்னா தெரியும்? நீங்க சொந்த ஆயா. நீங்க கேளுங்க. நான் கேட்டா நல்லா இருக்காது.”

இது நீ சொன்னது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துக் கவிதா கூடத்தில் நின்று அவள் அப்பாவிடம் சொன்னாள்: “கோபாலுக்கு இனிமே எதிர்காலம் இல்லப்பா. எல்லாரும் ஜாவாவுக்குப் போறாங்க. நானும் போலாம்னு இருக்கேன்.” நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்தாய். முழங்கையால் என்னை இடித்தாய். இடித்தாயா இல்லையா?

நான் கேட்டேன்: “ஏண்டி, ஒருத்தன வுட்டுட்டு வண்டி வெச்சிருக்கறவன் பின்னாடி போறியா? அதையும் அப்பன்கிட்டயே சொல்றியா?”

வீடே சிரித்தது. என் மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அது கோபோலாம். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்கிற பாஷையாம். ஜாவா அதற்கப்புறம் வந்த இன்னொரு பாஷையாம். யார் காதில் விழுந்தாலும் கோபால் என்றுதான் விழும், ஜாவா என்றால் வண்டிதான். இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

கவிதா மட்டும் சிரிக்கவில்லை. “என்னப் பத்தி இப்படித்தான் நெனைக்கிறீங்களா ஆயா?” என்றாள். நீயோ எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாய். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவளைப் போல அவளிடம் பேசினாய்.

“அவங்க கெடக்கறாங்க வுடு. ஏம்மா, அப்ப அந்தக் கோபால்ல எழுதி வெச்சதெல்லாம் இன்னா ஆவும்? தூக்கிப் போட்ருவாங்களா? தறியில பழைய பாவு தீர்ந்தா புதுப் பாவு இழைய அதோட முறுக்கி ஓட்டறோமே, அப்படி முடியாதா?”

“அதான் சின்ன ஆயா இப்ப பெரிய கேள்வியே!” என்று கவிதா உன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நகர்ந்தவள்தான்.

அதற்கப்புறம் சென்டரிலிருந்து வந்தால் பையைக்கூட வைக்காமல் உன்னிடம்தான் போவாள். நான் மிக்சியை நிறுத்திவிட்டு அடுப்படியிலிருந்து காது கொடுப்பேன்.

“இப்ப முழுசா எழுதி ஓட்டினாத்தான் தப்பு தெரியுது சின்ன ஆயா. இனிமே வர்ற சாஃப்ட்வேர்ல, எழுதிகினு இருக்கும்போதே தப்புக்குக் கீழ செவப்புக் கோடு போட்டுக் காட்டுமாம்.”

“பாதி பேஜார் போச்சி போ. ஆனா கோடு போட்டுகினே இருந்தா எழுத வருமா? கோவம்தான் வரும்.”

இருவரும் சிரிப்பீர்கள். ஒருநாள் நானும் சாப்பாடு போடும்போது மெதுவாகக் கேட்டேன்: “அந்தச் செவப்புக் கோடு வந்துடுச்சாம்மா?” நிமிர்ந்து பார்த்தாள். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு ஆயா? இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க” என்றாள். ஊற்றினேன்.

ஜாவா படிக்க மெட்ராஸ் போக வேண்டும், இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றபோது என் மகன் தயங்கினான். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தோம். கவிதா யாரைத் தூது அனுப்பினாள்? உன்னை. “பொண்ணு வழி தெரிஞ்சிதான் போவுது, தடுக்காதே” என்றாய். அவன் ஒத்துக்கொண்டான். என் மகன், என் பேத்தி. முடிவு உன்னுடையது. உனக்கு நாலு பேரன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தனையாவது நான் கேட்டேனா?

நீ போன அன்று அவள் மெட்ராஸிலிருந்து வந்து விழுந்து அழுததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இப்படி அழுவாளா என்று நினைத்தேன். உன் தலைமாட்டில் நின்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்?

போன வாரம் போன் செய்தாள். நான் கேட்காமலே சொன்னாள்: “கோபால் இன்னும் சாகல ஆயா. பேங்க்ல எல்லாம் அதான் ஓடிகினு இருக்கு. அந்தப் பழசோட புதுச சேர்க்கறதுதான் இப்ப என் வேலையே. சின்ன ஆயா அன்னைக்கே கேட்டாங்க, ஞாபகம் இருக்கா?”

எனக்கா ஞாபகம் இருக்காது? இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கோபால் யார் என்று முதலில் கேட்டவள் நீ. கண்டக்டர் என்றவள் நீ. என்னை இடித்துவிட்டவள் நீ. இது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர், அதில் நீ இப்போது இல்லை. அன்று போனிலேயே வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் உன்மேல் அவளுக்குக் கோபம் வரும் என்றா நினைக்கிறாய்? வராது. “சின்ன ஆயாவா? கண்டக்டர்னா சொன்னாங்க?” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். ஆபீஸில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்வாள். உன்னைப் பற்றி அவளிடம் இருக்கும் கதைகளோடு இன்னும் ஒன்று சேர்ந்துவிடும்.

அவளிடம் போதுமான அளவு நீ இருக்கிறாய். இந்தக் கொஞ்சம் என்னிடம் இருக்கட்டும். தர மாட்டேன்.