அறுபது ரூபாய் கப்கேக்

ஜூன் 8, திங்கள்

விடாத மழை. இரண்டு நாள் துணி உள்ளே கொடியில், வீடு முழுக்க ஈர வாடை. காஸ் புக் பண்ண வேண்டும்.

உட்கார்ந்து விலை போட்டேன். மைதா, சர்க்கரை, வெண்ணெய், தயிர், கண்டென்ஸ்டு மில்க், க்ரீம் எல்லாம் சேர்ந்து கப்கேக் ஒன்றுக்கு 27. பேப்பர் கப், டப்பா 6. ஓவனுக்குக் கரண்ட் 3. ஆக 36. அதற்குக் கீழே 'என் கூலி' என்று எழுதி, எதிரே ஒன்றும் போடாமல் வைத்திருந்தேன். இவர் எட்டிப் பார்த்தார். "உனக்கு எதுக்குக் கூலி? ஆத்துல சும்மாதானே இருக்கே?" பேச்சில் விஷம்கூடக் கிடையாது, நிஜமாகவே சந்தேகம் கேட்கிறார். உடனே 24 என்று எழுதினேன். 60.

பழவங்காடி பேக்கரியில் 35.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கோமு மாமி. சனிக்கிழமை பேரனுக்கு ஆண்டு நிறைவு. காலையில் ஹோமம், சாயங்காலம் பார்ட்டி. அறுபது வேண்டும், நீல க்ரீம், மேலே குட்டி யானை. விலையைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். "கடையில என்ன முட்டையோ, என்ன கரண்டியோ. உங்காத்து அடுக்களைன்னா கண்ணை மூடிண்டு வாங்கலாம். அதுக்குக் கூடக் குடுக்கலாம், கேட்டோ" என்றாள். முன்பணம் ஆயிரம்.

கரமனையில் எங்கள் தெருவுக்குக் கோமு மாமிதான் அளவுகோல். அவள் வாங்கினால் எல்லாரும் வாங்குவார்கள், என் விலை நின்றுவிடும். எனக்கு அது நிற்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஜூன் 9, செவ்வாய்

வெண்ணெய் இன்னும் அரைக் கிலோ. யானைக்குத் தும்பிக்கை நிற்கவில்லை, முறிகிறது.

உஷா ஃபோன். இவர் தங்கை. கவடியாரில் ஃப்ளாட், கார் இரண்டு, வாய் மூன்று. "மன்னி, ஞாயித்துக்கிழமை குட்டிக்குப் பர்த்டே. எனக்கும் அறுபது. சாமான் காசு தரேன், மதி அல்லே?" போதும்தானே என்பதைப் பாதி மலையாளத்தில்.

"ஒண்ணு அறுபது ரூபா, உஷா."

"என்கிட்டயா?"

"யார்கிட்டயும்."

வைத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் மாமியாரின் ஃபோன் அடித்தது. அது முடிந்ததும் மாமியார் அடுக்களை வாசலில். "பொறந்தாத்துல கேக்கு கேட்டா பில்லு போடறாளாம். நான் எங்கேயும் கேட்டதில்லை." நான் யானைக்குக் காது வைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து வைத்தேன்.

ஜூன் 10, புதன்

மழை விட்டு விட்டு. டப்பா வந்தது, இரண்டு நசுங்கி.

மத்தியானம் மாமியார் ஃபோனில், சத்தமே இல்லாமல். சத்தமில்லாமல் பேசுகிற பிறவி இல்லை அது. நான் உள்ளே போனதும் வைத்துவிட்டாள். யாரென்று கேட்டேன். "லோன் வேணுமாங்கறான்."

ஜூன் 11, வியாழன்

ட்ரயல் பன்னிரண்டு. இந்த ஈரக்காற்றில் க்ரீம் வியர்க்கிறது. ஃப்ரிட்ஜில் மோர்ப் பாத்திரத்தை நகர்த்தி இடம் பண்ணினேன். மாமியார் ஒன்று தின்று, "தித்திப்பு கம்மி." இரண்டாவதையும் தின்றாள்.

ஜூன் 12, வெள்ளி

மாமியாரின் பொங்கல் நாள். வெள்ளிதோறும் தெருக்கோடிப் பிள்ளையாருக்கு அவள் கையால் சர்க்கரைப் பொங்கல். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பிருந்தே. தெருவே தொன்னையோடு நிற்கும், அவளுக்குத் தலை கொஞ்சம் நிமிரும். இன்றைக்கும் வெண்கலப் பானை காலியாகத் திரும்பியது. கோமு மாமி இரண்டு தரம் வாங்கினாளாம்.

அடுக்களை எனக்குக் கிடைத்தபோது பதினொன்று. அறுபதும் வெந்தன. நாலுக்கு உச்சி பிளந்தது, க்ரீமுக்கடியில் தெரியாது. இடுப்பு கழன்றுவிட்டது. அழகாக இருக்கின்றன. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்ல.

ஜூன் 13, சனி

எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குக் கோமு மாமி வந்தாள். பட்டுப் புடவை, கையில் பாக்கிப் பணம். முதல் டப்பாவைத் திறந்து காட்டினேன். "ஐயோ, யானை!" என்று கையை நீட்டினாள்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தாள், கூடவே இவர். "தொடாதே கோமு. இப்பத்தான் ஃபோன் வந்தது. கல்லிடைக்குறிச்சியில இவன் பெரியப்பா பிள்ளை போயிட்டான். செவ்வாக்கெழமையே. எங்களுக்குப் பத்து நாள்."

மாமியின் கை பாதியில் நின்றது. பங்காளி சாவு. செய்தி காதில் விழும்வரை தீட்டு இல்லை, விழுந்த நிமிஷத்திலிருந்து உண்டு. தீட்டு வீட்டுப் பண்டத்தை வெளியார் வாயில் வைக்க மாட்டார்கள். ஹோமம் நடந்த வீடு, ஒரு வயசுக் குழந்தை. மாமி என்ன செய்வாள்? பின்வாங்கியபடியே படி இறங்கினாள். "முன்பணம் மெதுவாக் குடு, ரமா." குளிக்க ஓடினாள்.

எந்த அடுக்களைக்காக அறுபது ரூபாயோ, அந்த அடுக்களையே போயிற்று.

இவர் நேராகக் கொல்லைக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். செத்தவரை இவர் பார்த்தது இரண்டு கல்யாணத்தில். நானும் குளித்தேன். குளியலறையில் அழுதேன்.

ஆறு மணிக்கு உஷாவின் மெசேஜ். "அம்மா சொன்னா. பாவம் மன்னி. வேஸ்ட் பண்ணாதீங்கோ. எங்க ஃப்ளாட்ல தீட்டொண்ணும் யாரும் பாக்க மாட்டா. நாளைக்கு அண்ணாட்ட குடுத்து விட்டா மதி." பணம் என்கிற சொல்லே இல்லை. இவர், "நல்லதாப் போச்சு" என்றார். மாமியார் இன்னொரு வாய் காபி கேட்டாள்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். ஒரு வாரத்துக்குப் பிறகு.

டப்பாவெல்லாம் வாசலில் தயார். இவர் குளிக்கும்போது இவர் ஃபோன் அடித்தது, எடுத்தேன். செத்தவரின் பிள்ளை, பத்தாம் நாள் காரியம் பற்றி. துக்கம் கேட்டேன். நேற்றுத்தான் தெரிந்தது என்றேன்.

"இல்லையே சித்தி, புதன்கிழமை மத்தியானமே சின்னப் பாட்டிகிட்ட சொன்னேனே."

புதன். லோன்காரன்.

தெரிந்தே வாயை மூடிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தீட்டோடு பொங்கல் வைத்து, பிள்ளையாருக்குப் படைத்து, தெரு முழுக்கத் தின்னக் கொடுத்திருக்கிறாள். அவள் பொங்கலுக்குச் சாவு காத்திருக்கலாம். என் கப்கேக்குக்குக் காத்திருக்கக் கூடாது.

மாமியாரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, லோன்காரர் மறுபடியும் பேசினார். கல்லிடைக்குறிச்சியிலேருந்து."

முகம் செத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் எழுத என்ன இருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. "தெருவுல சொல்லிடாதேடி. அப்பறம் எவளும் என் கையால வாங்கமாட்டா." சொல்வேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"உஷாவுக்கு ஃபோன் போடுங்கோ. ஒண்ணு அறுபது ரூபா. பணம் வந்தப்பறம்தான் டப்பா படி இறங்கும்."

உஷா கத்தியது எனக்கே கேட்டது. மாமியார் கெஞ்சியதும் கேட்டது. கால் மணியில் என் ஃபோன் மணியடித்தது. மூவாயிரத்து அறுநூறு. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜூன் 16, செவ்வாய்

மறுபடி மழை. கோமு மாமியின் ஆயிரத்தைத் திருப்பி அனுப்பினேன். அன்றைக்குப் பழவங்காடி பேக்கரியிலிருந்து வாங்கிச் சமாளித்தாளாம், முப்பத்தைந்து ரூபாய். முட்டையில்லை என்று சீட்டு ஒட்டியிருந்ததாம். "அதுவும் நன்னாத்தான் இருந்தது" என்று வாசலில் யாரிடமோ சொன்னது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. என் விலை அதோடு முடிந்தது. இனி எவள் அறுபது கொடுப்பாள்?

மாமியார் எனக்குக் காபி போட்டுத் தருகிறாள். கேட்காமலே. குடிக்கிறேன். சர்க்கரை ஜாஸ்தி.

ஜூன் 18, வியாழன்

பத்தாம் நாள். வீடு கழுவி, துணியெல்லாம் நனைத்து, முதுகு போயிற்று.

கோமு மாமி தெருவில் நின்றபடியே கேட்டாள். "முடிஞ்சுதா? பாவம் ரமா, ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா உனக்குச் சாமானாவது மிஞ்சியிருக்கும்."

சொன்னேன். புதன்கிழமை மத்தியானமே தெரியும் என்று சொன்னேன். யாருக்கு என்றும் சொன்னேன். இரண்டு தரம் பொங்கல் வாங்கிய வாய் மூடவே இல்லை.

ஜூன் 19, வெள்ளி

மாமியார் விடிவதற்கு முன்பே குளித்து, முந்திரி வறுத்து, வழக்கத்தைவிட நெய் கூட விட்டு, பானையோடு போனாள். நான் ஓவனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்குத் திரும்பினாள். பானை நிறைய இருந்தது. குருக்கள் உள்ளே வாங்கவே இல்லையாம். தொன்னை ஒன்றுகூட நீளவில்லையாம். பானையை அடுக்களைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நெய் மேலே உறைய ஆரம்பித்திருந்தது.

"சொல்லிட்டியா?"

"ஆமாம்."

"உஷாட்டேருந்து அத்தனை பணம் வாங்கிண்டியேடி."

"அது கப்கேக்குக்கு, அம்மா."