ஆட்டுக்கல் குழவியோடு தேர்வுக்குப் போனவளுக்கு

அம்மா,

இன்று காலை வீடு மாற்ற வந்த ஆட்கள் பீரோ, கட்டில், அப்பாவின் சாய்வு நாற்காலி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டுக் கடைசியாகக் கொல்லைப்பக்கம் போனார்கள். குழாயடியில் உன் ஆட்டுக்கல். ஒருவர் அதன் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கழுவினார். வெயிலில் காய்ந்த கல்லில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, அது வந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத்தா பாரி பத்தர் கைக்கு மேடம்? நக்கோ" என்றார் அவர்களின் மேஸ்திரி. இவ்வளவு கனமான கல் எதற்கு, வேண்டாம் என்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குஷாய்குடாவில் தரையோடு இருந்த வீட்டை விட்டு மாரெட்பள்ளியில் மூன்றாவது மாடிக்குப் போகிறோம். தூக்கப்போவது அவர்தான்.

எதற்கு என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? எங்கள் அம்மா இதை வைத்துத்தான் பி.ஏ. வரலாறு பாஸ் செய்தாள் என்றால் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

நீ கல்லூரியில் சேர்ந்தது எனக்கு வேலை கிடைத்த பிறகு. நம் காலனியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இன்ஜினியரிங்தான். அப்பாவின் தொழிற்சாலைக்கு எதிரே நின்று "இன்ஜினியர்" என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அந்தத் தெருவில் தலை நரைக்கத் தொடங்கிய ஒருத்தி, அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கப் போகிறேன், அதுவும் வரலாறு என்றால் சும்மா விடுவார்களா?

எதிர்வீட்டுக் கோமதி அத்தை கேட்டாளே, "ஏன்க்கா, செத்தவங்க கதையப் படிச்சு உனக்கு என்ன ஆவப்போவுது?"

"உசுரோட இருக்கிறவங்க கதைய நீதான் தெனம் சொல்றியே கோமதி, அது போதும்" என்றாய். அத்தை வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாளைக்குத்தான்.

திண்டிவனத்தில் பிளஸ் டூ முடித்ததும் வரலாறு படிக்க ஆசைப்பட்டாய், மாப்பிள்ளை வந்துவிட்டார். அதைச் சொல்லி நீ ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. அப்போது விட்ட இடத்திலிருந்து இப்போது எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு மாரெட்பள்ளிக்கு பஸ் ஏறுவாய். தமிழில் எழுத முடியாது, ஆங்கிலம்தான் என்றார்கள். குக்கர் விசிலுக்கு நடுவே நீ பாடத்தை உரக்கப் படித்துப் படித்து, காய்கறிக்காரர் வரைக்கும் நிஜாம்கள் வரிசையாகத் தெரிந்தது.

படிப்பு உன்னை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். யார் எதைச் சொன்னாலும், "நீ பாத்தியா? இல்ல, யாரோ சொன்னதா?" என்று கேட்க ஆரம்பித்தாய். கல்யாண வீட்டில் கேட்டாய், துக்க வீட்டிலும் கேட்டாய். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

கடைசி வருடம் ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும், அதை வைத்து வாய்மொழித் தேர்வு. மற்றவர்கள் கோட்டையையும் குதுப் ஷாஹி கல்லறைகளையும் எடுத்துக்கொண்டார்கள். நீ நம் காலனியின் ஆட்டுக்கற்களை எடுத்துக்கொண்டாய். இங்கே வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து ரயிலிலும் லாரியிலும் கொண்டுவந்த கற்கள். கிரைண்டர் வந்தபின் அவை படிக்கல்லாகவும் துளசிக்குப் பீடமாகவும் ஸ்கூட்டர் சாயாமல் இருக்க முட்டுக்கொடுக்கும் கல்லாகவும் கிடந்தன. வீடு வீடாகப் போய், எந்த ஊர், யார் கொடுத்த சீர், எப்படி வந்தது என்று கேட்டாய்.

முதல் பக்கத்தில் உன் கல். அது இருக்காதா பின்னே? காலனியில் "ஊர்ல இருந்து வந்துச்சு" என்ற ஒரு சொல்லுக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் இல்லை. காப்பித்தூள், புளி, அரிவாள்மனை, எது நல்லதென்றாலும் அது ஊரிலிருந்து வந்ததாக இருக்கவேண்டும். உன் இட்லியை யாராவது பூப்போல இருக்கிறது என்றால், "கல்லு எங்கப்பா திண்டிவனத்துல சொல்லி அடிச்சு அனுப்புனது" என்பாய். உனக்குக் கல்யாணமாகி வந்தபிறகு தாத்தா பார்சலில் அனுப்பிய கல்.

கட்டுரையைக் கொடுக்க ஒரு வாரம் இருந்தபோது அப்பாவைச் சமையலறையில் உட்காரவைத்து, "இப்போ நீங்க என் புருஷன் இல்ல, சாட்சி. கல்லு வந்த கதைய முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாய்.

அப்பா முழித்த முழியை நான் பார்த்தேன். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்.

"அந்தக் கல்லு வரல."

"வரலன்னா?"

"வந்துச்சு. ரெண்டா வந்துச்சு. பார்சல் ஆபீஸ்ல மூட்டையப் பிரிச்சா நடுவுல ஒடஞ்சு கெடக்குது. புதுசா கல்யாணமாகி வந்த பொண்ணு, அப்பன் ஆசையா அனுப்புனது ஒடஞ்சுபோச்சுன்னு எப்படிச் சொல்றது? மௌலா அலி மலைக்குக் கீழ ரோட்டோரம் கல்லு கொத்துறவங்ககிட்ட இத வாங்கி ரிக்‌ஷால கொண்டாந்தேன்."

ஐயோ, உன் முகம்! இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதில் மாவரைத்திருக்கிறாய். திண்டிவனத்துக் கல் கன்னங்கரேல் என்று இருக்கும். இந்தக் கல்லில் இளஞ்சிவப்புப் பொரி பொரியாக ஓடியதை நீயும் பார்த்திருக்கிறாய். "தண்ணி மாறினதுல கல்லும் வெளுத்துப்போச்சு" என்று நீயே எத்தனை பேரிடம் காரணம் சொல்லியிருக்கிறாய்! நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்காவது இப்படி ஒரு காரணம் தோன்றுமா?

"விட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அப்பா. கோமதி அத்தைக்குத் தெரிந்தால் காலனியில் தலைகாட்ட முடியாது என்பது அவருடைய கவலை. உனக்கு அதைவிடப் பெரிய கவலை. காலனியில் ஒவ்வொருவரும் தன் கல்லைப் பற்றிச் சொன்னதை நம்பித்தான் கட்டுரை நின்றது. உன் கதையே பொய் என்றால் மற்றவர்கள் கதைக்கு என்ன உறுதி? தேர்வில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். மூன்று வருஷத்துப் படிப்பு, பட்டம், எல்லாம் அந்தக் கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நீ அழுதாய். தாத்தாவின் கல் உடைந்துபோனதற்காகத்தான் அழுதாய் என்று நினைக்கிறேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவரு சொல்றதும் ஒருத்தர் சொன்னதுதானே. போய்ப் பாக்கணும்" என்றாய்.

குழவியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மௌலா அலிக்குப் போனாய். திரும்பி வந்தபோது அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்; உன் முகம் தெளிந்திருந்தது. நனைந்தால்தான் கல்லின் நிறம் தெரியும் என்று மலைப்பாறையில் தண்ணீர் தெளித்துப் பக்கத்தில் குழவியை வைத்துப் பார்த்தாயாம். அதே சிவப்புப் பொரி. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி ஒரு செம்புத் தண்ணீரோடு போனாய். பல கற்கள் சொன்னபடியே கருப்பு. சில, நம்முடையதைப் போல. முதல் பக்கத்தைக் கிழித்துப்போட்டு, நான் இத்தனை நாள் தவறாகச் சொல்லிவந்தேன் என்று உன் கல்லிலிருந்தே புதிதாகத் தொடங்கினாய்.

கோமதி அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்போ இத்தன வருசம் நீ எங்களுக்கு விட்டது மௌலா அலி ரீலா, அக்கா?"

"ஆமா. உன் கல்லு மட்டும் என்ன, செம்பை எடுத்துட்டு வரவா?" என்றாய். அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேர்வு நாளன்று நான் லீவு போட்டுவிட்டு உன்கூட வந்தேன். மாரெட்பள்ளி மையத்தின் வராந்தாவில், திறந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே நீ, பட்டுப்புடவையில், கையில் கட்டைப்பையோடு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தெலுங்குப் பேராசிரியர், "இதேமிட்டம்மா?" என்றார், இது என்னம்மா என்று. நீ குழவியை எடுத்து டொம்மென்று வைத்தாய். அவர் பேனா உருண்டு கீழே விழுந்தது.

அவர் இளகவில்லை. உங்கள் கதையே பொய்யாகிவிட்டது, அதைக் கொண்டுபோய் ஏன் முதலில் வைத்தீர்கள், யாரும் கேட்டிருக்கமாட்டார்களே என்று ஆங்கிலத்தில் பிடித்தார். நீ திணறினாய். உள்ளே ஓடிப்போய் நான் பதில் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்புறம் உன் குரல் கேட்டது.

"எவ்ரிபடி இன் காலனி இஸ் டெல்லிங், சார். ஐ ஆல்ஸோ டெல்லிங். ஸோ ஃபர்ஸ்ட் ஐ செக்ட் மீ."

நீ அவருடைய தண்ணீர் தம்ளரையே கேட்டு வாங்கி, முந்தானையைக் கீழே பிடித்துக்கொண்டு குழவி மேல் ஊற்றினாய். அவர் எழுந்து குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளர் அம்மையார் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கட்டுரையின் கடைசி வரியை நீயே வாசித்துக்காட்டச் சொன்னார்கள். நீ அதை ஆங்கிலத்தில் வாசித்தாய். வீட்டில் முதலில் தமிழில்தான் எழுதியிருந்தாய்; அது எனக்கு மனப்பாடம்: "இந்தக் கல் எங்கிருந்தும் வரவில்லை. இது இந்த ஊர்க் கல். வந்தவர்கள் நாங்கள்தான்."

பாஸ் என்ற செய்தி வந்த அன்று கோமதி அத்தை தானே செம்பில் தண்ணீரோடு வந்து உன்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் கல் சுத்தக் கருப்பு. காலனி முழுக்கப் பாயசம் கொடுத்தாள். உன் பட்டத்துக்கா, அவள் கல்லுக்கா என்று கடைசிவரை சொல்லவில்லை. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியும் நரைத்த தலையுமாக நீ மேடையேறியபோது அப்பா எழுந்து நின்று கைதட்டினார். பின்னால் இருந்தவர் உட்காரச் சொன்னதற்கு, "அது என் சம்சாரம். அவ கட்டுரையில ஒரு சாட்சி நான்" என்றார். நான் எத்தனையோ மேடைகளைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு பெருமை எனக்கு வேறெதிலும் வரவில்லை, என் சொந்தப் பட்டத்திலும்கூட.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆபீஸில் யாராவது "எல்லாரும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால் "நீ பாத்தியா?" என்று கேட்க என் வாய் தானாகத் திறக்கிறது. அதற்கு முன்னால், நான் சொல்வது சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். ரொம்பக் கஷ்டமான வேலை, அம்மா. நீ அதை எப்படித்தான் அவ்வளவு லேசாகச் செய்தாயோ.

காலையில் நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன் என்றேனே. மேஸ்திரிக்கு அவசரம். "காவ் சே லாயே க்யா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்ததா என்கிறார். அப்பா வாயைத் திறப்பதற்குள் உன் பேத்தி முந்திக்கொண்டாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள் என்று நீ எப்போதும் குறைப்பட்டுக்கொள்வாயே, அவள்தான். உன் மடியில் அந்தக் கதையை எத்தனை முறை கேட்டாளோ தெரியாது. இந்த ஊர் உருதுவில், அவருடைய பேச்சிலேயே, உன் கட்டுரையின் கடைசி வரியை, இது இந்த ஊர்க் கல், வந்தவர்கள் நாங்கள்தான் என்று சொன்னாள்.

"நை பாய், இதரிச் கா ஹை. ஹமிச் ஆயே."

அவர் சிரித்துவிட்டார். "ஹவ்?", அப்படியா என்று கேட்டுவிட்டு, துண்டைச் சும்மாடாகக் கட்டிக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். கல்லை லாரியில் ஏற்றினார்கள். குழவியை மட்டும் நான் கொடுக்கவில்லை. உன் கட்டைப்பையில் போட்டு, வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.