தெளிந்த தண்ணீர்

கள்ளிக்குப்பம்,
4.2.2024

அன்பு மச்சான் மணவாளனுக்கு,

பச்சையப்பன் எழுதுகிறேன். ஆம், நானேதான். எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், வரி கீழே சரியும், பொறுத்துக்கொள். எழுபத்தொரு வயதுவரை மண்வெட்டி பிடித்த கை, பேனா வழுக்குகிறது. இங்கே சாயங்கால வகுப்பில் மகள் எழிலரசிதான் சேர்த்துவிட்டாள். இப்போது பஸ் போர்டுகூடப் படிக்கிறேன். போன வாரம் பலகையில் என் பெயரை முழுதாக எழுதியதும் கை தட்டினார்கள். வெட்கமும் சிரிப்பும் தாங்கவில்லை. உனக்குக் காது மந்தம், போனில் கத்தியும் பயனில்லை. இனி எழுதியே தொல்லை கொடுப்பேன்.

காலில் சர்க்கரைப் புண் மெல்ல ஆறுகிறது. மகள் என்னைத் தனியாக மாடிப்படி இறங்க விடுவதில்லை.

உன் பொறுப்பில் விட்டு வந்த நம் மீன் குட்டையைப் பற்றி மனதில் உள்ளதைக் கேட்டுவிடுகிறேன். பாரிவாக்கம் பக்கம் மீன் எடுத்து விற்கும் குப்பம்மா எங்கள் தெருவுக்கு வந்தாள். "இன்னா பெர்சு, உங்க குட்டை மீனு இன்னும் உள்ளங்கை அளவுதான் கீது? உம் மச்சான் பட்டினி போட்டுட்டானா?" என்று சிரித்தாள். ஆவணியில் விட்ட கட்லா மீன் குஞ்சு இந்நேரம் முக்கால் கிலோ இருக்க வேண்டாமா? வாரம் தவறாமல் சாணி கரைத்தால் தண்ணீர் பச்சை கட்டும். அதில் பொடிப் பொடியாகப் பூச்சி பிறக்கும். அதைத் தின்றே மீன் வளரும். தீவன மூட்டை வாங்காமல் இப்படித்தானே பன்னிரண்டு வருடம் வளர்த்தோம்? சாணி எங்கே போகிறது? இல்லை, பெரிய மீன்கள்தான் எங்காவது போகின்றனவா? முழங்கை வரை தண்ணீரில் கையை விட்டுப் பார். உள்ளங்கை தெரிகிறதா, பச்சையில் மறைகிறதா? உண்மையை எழுது.

பாசம் குறையாத,
பச்சையப்பன்

பாரிவாக்கம்,
11.2.2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரி சரசா அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். மீதியைப் படித்த பிறகு அழுதாள். என்னைத் திருடன் என்று எழுதத்தானா எழுத்து கற்றீர்கள்?

உள்ளங்கை என்ன, அடியில் ஊரும் நத்தைகூடத் தெரிகிறது. சாணி போடாத தண்ணீர் வேறு எப்படி இருக்கும்? போடாதே என்று சொன்னது நீங்கள். கார்த்திகையில் வந்த கடிதம், உங்கள் கட்டைவிரல் ரேகையோடு. மாமா சொன்னால் காரணம் இருக்கும் என்று ஒரு கூடைகூடக் கொட்டவில்லை. கொட்டகை ஓரத்தில் சாணி ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது. அந்தக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீங்களே படியுங்கள்.

உங்களுக்குக் கட்டிக்கொடுத்த என் அக்கா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டிருக்க மாட்டேன்.

மணவாளன்

கள்ளிக்குப்பம்,
18.2.2024

மச்சான்,

இரண்டு நாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இனி குட்டையில் சாணி போட வேண்டாம். மீன் தொழிலை விட்டுவிடப் போகிறேன்' என்று இருக்கிறது. கீழே என் ரேகை. எழிலரசியிடம் நான் எழுதச் சொன்னது, வாரம் தவறாமல் போடு என்று. அவள் எனக்குப் படித்துக் காட்டியதும் அதுதான். எழுதியது இது.

அவளைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே சத்தமாகப் படித்தேன். பாதியில் காகிதத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வலை போடற நாளு வந்தா நீ புண்ணோட தண்ணில எறங்குவே நைனா. எறங்குனா கால எடுக்கணும்னு டாக்டரு சொன்னாரு. உன்கிட்ட நான் சொல்லல. மீனே வளரலேன்னா நீ அங்க போமாட்டேன்னு நெனச்சேன்."

"அதுக்கு உம் மாமனத் திருடனாக்கிட்டியே?"

அவளைக் கேட்டேனே தவிர, திருடன் என்று நினைத்தது நான். உன்னிடமும் சரசாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

குவிந்த சாணியை ஒரே நாளில் கொட்டிவிடாதே. தினம் இரண்டு கூடை கரைத்து ஊற்று. விடியற்காலையில் மீன் மூச்சுக்கு மேலே வந்து வாய் பிளந்தால் நிறுத்து. பத்து நாளில் பச்சை கட்டிவிடும். இந்த முறை வலையோடு நீயே இறங்கு. புண் ஆறும்வரை நான் வரமாட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன்.

"குடு நைனா, நானே தபால்ல போட்டுட்றேன்" என்று இப்போது கை நீட்டினாள். பெற்ற மகள்தான், ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. "என்னத் தாங்கிப் புடி, எறங்கி வந்து பொட்டில நானே போட்றேன்" என்றேன். என் கால் அருகே உட்கார்ந்து புண்ணுக்குப் புதுத் துணி சுற்றுகிறாள். அவள் முடிச்சுப் போடுவதற்குள் நான் முடிக்க வேண்டும். அடுத்த வாரமும் எழுதுவேன். அடுத்த வாரமும் அவள் என்னைப் படி இறக்கிவிடுவாள்.

பச்சையப்பன்